வீட்டு மருத்துவக் கருவிகளின் பதிவுகளை நேரக் குறிப்புடன் எடுத்து மருத்துவரிடம் அளித்தல்

வீட்டில் பயன்படுத்தப்படும் குளுக்கோமீட்டர், டிஜிட்டல் இரத்த அழுத்தக் கருவி, தோலில் ஒட்டப்படும் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி ஆகியவை அளவிடுவதோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு முறை அளவிடும்போதும் கிடைத்த எண்ணுடன் அன்றைய நாளையும் நேரத்தையும் சேர்த்துத் தம் நினைவகத்தில் பதிந்துவைக்கின்றன. எண்ணுடன் சேர்ந்து பதியும் இந்த நாளும் நேரமுமே நேரக் குறிப்பு எனப்படுகின்றன. பல வாரங்களுக்கான இப்பதிவுகளைக் கருவியிலிருந்து மொத்தமாக வெளியே எடுத்து, அறிக்கையாகவோ கோப்பாகவோ மருத்துவரிடம் அளிக்க இயலும்.

ஆலோசனைக்குச் செல்லும் பலர் எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு செல்கின்றனர். "சர்க்கரை 180 இருந்தது, ஒருநாள் 60-க்கு இறங்கியது" என்று கூறுகின்றனர். மருத்துவர் அடுத்து கேட்பது, "எப்போது?" என்பதே. அந்தக் கேள்விக்கான விடை தவறாக இருந்தால், சரியாக அளவிடப்பட்ட எண்ணும் தவறான சிகிச்சைக்கு வழிவகுக்கும். ஆகவே பதிவுகளை எடுக்கும் முறையை அறிவதற்கு முன், அவற்றிலுள்ள நேரம் நம்பத்தக்கதா என்பதை அறிவது அவசியம்.

நேரம் தவறினால் என்ன நேரும்?

காலை உணவுக்கு முன்பும் இரவு உணவுக்கு முன்பும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவருடைய குளுக்கோமீட்டரில் பேட்டரி மாற்றியபோது கடிகாரம் மீண்டும் அமைக்கப்பட்டது; அவசரத்தில் ஏ.எம். என்பதற்குப் பதிலாக பி.எம். என்று அமைந்துவிட்டது. அதாவது, கருவி சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் தவறாக ஓடுகிறது. ஒருநாள் பின்னிரவு 3.10 மணிக்கு அவர் வியர்த்து விழித்துக்கொள்கிறார். சோதித்துப் பார்க்கிறார், 58 என்று காட்டுகிறது. சர்க்கரை கலந்த நீரைக் குடித்துவிட்டு, யாரையும் எழுப்பாமல் படுத்துக்கொள்கிறார். கருவி அதைப் பிற்பகல் 3.10 என்று பதிகிறது.

அடுத்த வாரம் கருவியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்பவர் மகன். இரவில் நடந்தது அவருக்குத் தெரியாது. மருத்துவர் பதிவைப் பார்க்கிறார்: பிற்பகல் மூன்று மணிக்கு 58. கலவை இன்சுலினில் மெதுவாகச் செயல்படும் பகுதி, போட்ட சில மணி நேரத்திற்குப் பிறகே வலுவாக வேலை செய்யும். காலையில் போட்ட மருந்தின் அப்பகுதி பிற்பகலில் சர்க்கரையைக் குறைக்கும். இரவில் போட்ட மருந்தின் அப்பகுதி பின்னிரவில் குறைக்கும். எனவே பிற்பகல் தாழ்வைக் கண்ட மருத்துவர் காலை அளவைக் குறைப்பார். அவர் கண்முன் உள்ள பதிவின்படி அது சரியான முடிவே. ஆனால் குறைக்கப்பட வேண்டியது இரவு அளவு. விளைவாகப் பகலில் சர்க்கரை ஏறும். பின்னிரவுத் தாழ்வு முன்போலவே தொடரும். உறக்கத்தில் வரும் தாழ்வு கடுமையானால் வலிப்பும் நினைவிழப்பும் நேரலாம்.

இந்த நிகழ்வில் கருவி அளந்ததும் சரி. மருத்துவர் கணித்ததும் சரி. தவறியது ஒரு பொத்தான் அமைப்பு மட்டுமே.

கருவியின் கடிகாரத்தைச் சரிபார்த்தல்

குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தக் கருவி ஆகியவற்றின் கடிகாரம் கைப்பேசியின் கடிகாரத்தைப் போல வலையமைப்பிலிருந்து தானாகச் சரியாவதில்லை. வாங்கியபோது யாரேனும் அமைத்திருந்தால் உண்டு. இல்லையெனில் தொழிற்சாலையில் அமைத்த நேரத்திலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்து மாற்றும்போது சில கருவிகளில் நேரம் அழிந்து, சனவரி 1 என்ற நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பிய கருவியில் அந்நாட்டு நேரம் இருக்கக்கூடும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னதாகும். காலை 6.30-க்கு வெறும் வயிற்றில் எடுத்த அளவு, அத்தகைய கருவியில் காலை 9.00 என்று பதியும். உணவுக்குப் பின் எடுத்த அளவு என்றே அதைப் படிப்பவர் எண்ணுவார்.

சரிபார்ப்பதற்கு ஒரு நிமிடமே ஆகும். கருவியை இயக்கி, திரையில் தெரியும் நாள், மாதம், ஆண்டு, மணி, நிமிடம் ஆகியவற்றைக் கைப்பேசியின் நேரத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேர முறையில் காட்டும் கருவியாயின், ஏ.எம்., பி.எம். என்பதைத் தனியாகக் கவனியுங்கள். இருபத்துநான்கு மணி நேர முறைக்கு மாற்ற இயலுமாயின் மாற்றிவிடுவது நல்லது. அதில் இக்குழப்பத்திற்கே இடமில்லை. மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு பேட்டரி மாற்றத்திற்குப் பின்பும், ஆலோசனைக்குச் செல்வதற்கு முன்தினமும் இவ்வாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிவுகளின் பட்டியலும் தவறைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் உறங்கும் நேரத்தில் தினந்தோறும் அளவுகள் பதிவாகியிருந்தாலோ, விடியற்காலையில் எடுக்கும் அளவு ஒன்றுகூடக் காலை நேரத்தில் இல்லாமலிருந்தாலோ, கடிகாரம் பிழையாக ஓடியிருக்கிறது எனக் கொள்ளலாம்.

கடிகாரம் தவறாக இருப்பதைக் கண்டவுடன் உடனே திருத்திவிட வேண்டாம் என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகிறோம். பெரும்பாலான கருவிகளில், கடிகாரத்தைத் திருத்தினாலும் ஏற்கெனவே பதிவான அளவுகளின் நேரம் திருந்துவதில்லை. அவை பழைய பிழையுடனேயே இருக்கும். புதியவை சரியான நேரத்துடன் சேரும். பின்னர் அறிக்கையைப் பார்ப்பவர்க்கு எது வரை பிழை, எதிலிருந்து சரி என்று பிரித்தறிய வழியிராது. ஆகவே முதலில் ஒரு தாளில், "கருவி காட்டியது: மார்ச் 7, பிற்பகல் 4.20. உண்மை நேரம்: மார்ச் 8, காலை 4.20" என்பதுபோல எழுதிக்கொள்ளுங்கள். இயன்றால் இரு கடிகாரங்களும் ஒரே படத்தில் தெரியுமாறு ஒரு புகைப்படம் எடுங்கள். பழைய பதிவுகளை வெளியே எடுத்துச் சேமியுங்கள். அதன் பிறகே கடிகாரத்தைத் திருத்துங்கள். இந்த ஒரு குறிப்பு கையில் இருந்தால், பழைய அளவுகள் அனைத்தையும் மருத்துவர் சரியான நேரத்திற்கு நகர்த்திப் படித்துக்கொள்வார். எந்தப் பதிவும் வீணாகாது.

இன்சுலின் பம்பு பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பம்பின் கடிகாரம் பதிவுக்கு மட்டுமன்றி, எந்த நேரத்தில் எவ்வளவு இன்சுலின் செலுத்த வேண்டும் என்பதற்கும் அடிப்படையாகும். அதில் பன்னிரண்டு மணி நேரத் தவறு நேர்ந்தால் பகலுக்குரிய அளவு இரவில் செல்லும். அத்தகைய தவறைக் கண்டால் உங்கள் மருத்துவக் குழுவை உடனே தொடர்புகொள்ளுங்கள்.

பதிவுகளை வெளியே எடுக்கும் வழிகள்

புளூடூத் வசதியுள்ள கருவிகளில், நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, கருவியை அதனுடன் இணைத்தவுடன் நினைவகத்திலுள்ள பதிவுகள் செயலிக்கு வந்து சேரும். செயலியில் 'ரிப்போர்ட்', 'ஷேர்' அல்லது 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, தொடக்க நாளையும் முடிவு நாளையும் தேர்ந்தெடுத்தால் கோப்பு உருவாகும். சில கருவிகளை யு.எஸ்.பி. வடம் மூலம் கணினியில் இணைத்தும் எடுக்கலாம். இந்த வசதிகள் எதுவும் இல்லாத கருவியாயின், நினைவகப் பொத்தானை அழுத்திப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அல்லது கருவியையே ஆலோசனைக்கு எடுத்துச் செல்லலாம்.

நினைவகத்தின் கொள்ளளவு வரம்புக்குட்பட்டது. அது நிறைந்தபின் ஒவ்வொரு புதிய அளவும் மிகப் பழைய அளவை அழித்துவிட்டே பதிவாகும். இரத்த அழுத்தக் கருவிகளில் சில, சில பத்து அளவுகளை மட்டுமே வைத்திருக்கும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரைக் காண்பவர், மூன்றாம் மாத இறுதியில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் முதல் மாதம் கிடைக்காமற்போகலாம். மாதந்தோறும் எடுத்துச் சேமிப்பதே பாதுகாப்பானது.

செயலியில் அளவைக் கையால் தட்டச்சு செய்யும் பழக்கமுள்ளோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு எடுத்த அளவை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து பதிவிட்டால், நேரத்தை நீங்களே மாற்றாதவரை, செயலி இரவு பத்து மணி என்றே குறித்துக்கொள்ளும். பதிவிட்ட நேரம் வேறு, அளவிட்ட நேரம் வேறு. ஒரு நாளின் மூன்று அளவுகளும் இரவு 10.02, 10.03, 10.04 என்று வரிசையாக நிற்கும் அறிக்கையினால் மருத்துவருக்குப் பயனில்லை.

ஒரே இரத்த அழுத்தக் கருவியைக் கணவரும் மனைவியும் பயன்படுத்தும் இல்லங்கள் பல. அவ்வாறாயின், கருவியில் 'பயனர் 1', 'பயனர் 2' என்று மாற்றும் வசதி உள்ளதா எனப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்த பின்னரே அளவிடுங்கள். அண்டை வீட்டார் ஒருமுறை பார்த்துக்கொண்ட அளவுகூட உங்கள் சராசரியில் சேர்ந்துவிடும். அந்த அளவை எடுத்த நேரத்தைக் குறித்துவைத்தால், பின்னர் அதனை அடையாளம் கண்டு விலக்க இயலும்.

எந்த வகைக் கோப்பு?

செயலிகள் பொதுவாக இரு வகைக் கோப்புகளைத் தருகின்றன. பி.டி.எப். என்பது அச்சிட்ட தாளைப் போன்றது. வரைபடமும் சராசரியும் அதில் இருக்கும், எந்தக் கைப்பேசியிலும் ஒரே வகையாகத் தெரியும். சி.எஸ்.வி. என்பது ஒவ்வோர் அளவும் ஒவ்வொரு வரியாக, நாள், நேரம், எண் ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு அமையும் வெறும் பட்டியல். மருத்துவரிடம் அளிக்க பி.டி.எப். போதுமானது. சி.எஸ்.வி. கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கருவியையோ செயலியையோ மாற்ற நேர்ந்தால், பல ஆண்டுப் பதிவுகளை இழக்காமல் கொண்டுசெல்ல அதுவே உதவும்.

சி.எஸ்.வி. கோப்பை எக்செல் போன்ற மென்பொருளில் திறக்கும்போது எதிர்பாராத மாற்றம் ஒன்று நிகழக்கூடும். 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைந்த கணினிக்கு அது மார்ச் 4. கணினி தானாகவே நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் புரிந்துகொள்ளும். அதே நிலையில் சேமித்தால் பிழை நிலைத்துவிடும். 13-ஆம் நாள் முதல் மாதம் என்று கொள்ள முடியாத எண்கள் வருவதால் அவை மட்டும் மாறாமல் நிற்கும். ஒரே பட்டியலில் பாதி நாள்கள் ஒரு வகையாகவும் மீதி வேறு வகையாகவும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. செயலியின் அமைப்பில் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையைத் தேர்ந்தெடுக்க இயலுமாயின், அதாவது 2025-04-03 என்று, இக்குழப்பம் எழாது. எதுவாயினும் மூலக் கோப்பைத் திருத்தாமல் வைத்துக்கொண்டு, படியெடுத்த கோப்பில் மட்டும் வேலை செய்யுங்கள்.

மற்றொன்று, உலகப் பொது நேரம். சில செயலிகள் நேரத்தை இங்கிலாந்தின் கிரீன்விச் நேரப்படி கோப்பில் எழுதுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னதாகும். திரையில் காலை 6.30 என்று சரியாகத் தெரிந்த அளவு, கோப்பில் நள்ளிரவுக்குப் பின் 1.00 மணி என்று இருக்கும். நேரத்தின் இறுதியில் ஆங்கில எழுத்தான 'இசட்' இருந்தால் அது கிரீன்விச் நேரம். +05:30 என்று இருந்தால் இந்திய நேரம். நீங்கள் நன்கு நினைவில் வைத்திருக்கும் ஓர் அளவை, எடுத்துக்காட்டாக இன்று காலை எடுத்ததை, கோப்பில் தேடிப் பாருங்கள். அதன் நேரம் பொருந்தினால் மற்றவையும் பொருந்தும். ஹஜ் போன்ற பயணங்களின்போது கைப்பேசி தானாக அந்நாட்டு நேரத்திற்கு மாறும், குளுக்கோமீட்டர் மாறாது. சவூதி அரேபிய நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி நேரம் பின்னது. பயண நாள்களை அறிக்கையில் குறித்துக் காட்டுங்கள்.

எண்ணின் அலகையும் கோப்பின் மேற்பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கப்படுகிறது. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பது வழக்கம். அங்கிருந்து வந்த கருவி 7.2 என்று காட்டினால் அச்சம் வேண்டாம்; 18-ஆல் பெருக்கினால் நம் வழக்கப்படி ஏறக்குறைய 130 ஆகும்.

தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி

ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை பதியும் கருவி ஒரு நாளைக்கு 288 அளவுகளைத் தருகிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியதில்லை. செயலி தரும் அறிக்கை, பதினான்கு நாள்களையும் ஒரே இருபத்துநான்கு மணி நேர வரைபடத்தின் மீது அடுக்கிக் காட்டும். தினமும் எந்த நேரத்தில் சர்க்கரை ஏறுகிறது, எந்த நேரத்தில் இறங்குகிறது என்பது அதில் ஒரே பார்வையில் விளங்கும். நேரக் குறிப்பின் முழுப் பயனும் வெளிப்படுவது இவ்வரைபடத்திலேயே. பெரும்பாலான பெரியவர்களுக்கு, நாளில் 70 விழுக்காட்டிற்கு மேற்பட்ட நேரம் 70 முதல் 180 வரையிலான அளவுக்குள் இருப்பது இலக்காகக் கொள்ளப்படுகிறது. முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோர்க்கு இலக்கு வேறுபடும்.

அறிக்கை நம்பத்தக்கதாக இருக்க, பதினான்கு நாள்களில் குறைந்தது 70 விழுக்காடு நேரத்திற்காவது பதிவு இருத்தல் வேண்டும். கைப்பேசியை அருகில் கொண்டுசென்று பதிவை எடுக்கும் வகை உணரிகளில் சில, கடைசி எட்டு மணி நேரப் பதிவை மட்டுமே வைத்திருக்கும். இரவு ஒன்பது மணிக்கு எடுத்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு மீண்டும் எடுத்தால், இடையில் மூன்று மணி நேரம் பதிவே இராது. தாழ்வு நேர வாய்ப்புள்ள இரவு நேரமே அவ்வாறு விடுபடுகிறது. உறங்கச் செல்லும்போதும் விழித்தவுடனும் தவறாமல் எடுத்தால் இந்த இடைவெளியைப் பெருமளவு தவிர்க்கலாம்.

இவ்வகைக் கருவி இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியிலுள்ள திசு நீரை அளக்கிறது. அதிலுள்ள சர்க்கரை, இரத்தத்திலுள்ளதைச் சில நிமிடங்கள் பின்தொடர்ந்தே மாறும். எனவே உணவுக்குப் பின் சர்க்கரை வேகமாக ஏறும் வேளையில், விரலில் குத்திப் பார்த்த அளவும் உணரியின் அளவும் ஒரே நேரத்தில் மாறுபட்டிருக்கும். அது கடிகாரப் பிழை அன்று.

ஹோல்டர் பரிசோதனையும் நாட்குறிப்பும்

நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் போன்றவற்றிற்காக 24 அல்லது 48 மணி நேரம் உடலில் அணிந்துகொள்ளும் இ.சி.ஜி. பதிவுக் கருவியே ஹோல்டர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் உருவாக்கிய முதல் கருவி, ஏறக்குறைய 38 கிலோ எடையுடன் முதுகில் சுமக்கப்பட்டது. இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது. இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை துடிப்புகளும் நேரத்துடன் பதிவாகின்றன.

இக்கருவியின் பதிவை வெளியே எடுப்பது மருத்துவமனையின் பணி. உங்கள் பணி நாட்குறிப்பு எழுதுவது. படபடப்போ தலைச்சுற்றலோ தோன்றிய நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மாத்திரை உட்கொண்ட நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். லட்சம் துடிப்புகளில் உங்களுக்குத் தொல்லை தந்த துடிப்பு எது என்பதை மருத்துவர் கண்டறிவது இந்த நேரங்களைக் கொண்டுதான். படபடப்பு தோன்றிய அதே நிமிடத்தில் இ.சி.ஜி. இயல்பாக இருந்தது என்பதும் மிக முக்கியமான செய்தியே. காரணம் இதயத்தின் தாளத்தில் இல்லை என்று கொள்ள அது உதவும்.

ஆனால் நாட்குறிப்பின் நேரமும் கருவியின் நேரமும் ஒன்றாக இருந்தால்தான் இது இயலும். வீட்டின் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் விரைந்து ஓடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. பத்து நிமிடத்தில் ஏறக்குறைய எழுநூறு துடிப்புகள் கடந்துவிடும். கருவியின் திரையில் நேரம் தெரிந்தால் அதையே பார்த்து எழுதுங்கள். தெரியாவிட்டால், கருவியைப் பொருத்தும்போது அதில் அமைக்கப்படும் நேரம் எது என்று தொழில்நுட்பரிடம் கேட்டு, உங்கள் கைக்கடிகாரத்தையோ கைப்பேசியையோ அதனுடன் ஒப்பிட்டுக்கொண்டு, இரு நாள்களும் அந்த ஒரே கடிகாரத்தையே பயன்படுத்துங்கள். கருவியில் நிகழ்வுப் பொத்தான் இருந்தால், தொல்லை தோன்றியவுடன் அதை அழுத்துங்கள். எழுதுவதைப் பிறகு செய்யலாம்.

இரத்த அழுத்தப் பதிவு

மருந்தைத் தொடங்கவோ மாற்றவோ மருத்துவர் வீட்டுப் பதிவைக் கேட்டால், பொதுவாக ஏழு நாள்கள், காலையில் இருமுறை, மாலையில் இருமுறை அளவிடும்படி கூறுவார். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின், ஒரு நிமிட இடைவெளியில் இரு அளவுகள் எடுக்க வேண்டும். காலை அளவை மாத்திரைக்கு முன் எடுங்கள். அளவிடுவதற்கு முன் அரை மணி நேரத்திற்குக் காபி, தேநீர், புகைபிடித்தல், உடற்பயிற்சி ஆகியவற்றைத் தவிருங்கள். முதல் நாள் அளவுகளை விலக்கிவிட்டு மற்றவற்றின் சராசரி கணக்கிடப்படும். வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது பொதுவாக உயர் இரத்த அழுத்தமாகக் கருதப்படும்.

அறிக்கையைத் தயாரிக்கும்போது மிகுதியாகத் தோன்றும் அளவுகளை நீக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உள்ளது. மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற தயக்கமே அதற்குக் காரணம் என்பதை நாங்கள் அறிவோம். அவற்றை நீக்காதீர்கள். மாடிப்படி ஏறி வந்தவுடன் எடுத்தது, வீட்டில் வாக்குவாதம் நடந்த நாளில் எடுத்தது என்று அருகில் எழுதிவிடுங்கள். எதை ஒதுக்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

திறன்பேசி இல்லாதோர்

கோடிட்ட ஒரு குறிப்பேடு போதும். நாள், நேரம், எண், உணவுக்கு முன்பா பின்பா, மருந்து எடுத்த நேரம் என ஐந்து பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை, உண்ணத் தொடங்கிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கிட்டு அளவிட வேண்டும். உண்ணத் தொடங்கிய நேரத்தையும் எழுதினால் மேலும் நன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இல்லத்திற்கு வரும் பணியாளர் அளவிட்டுக் கூறும் எண்ணையும் இதே குறிப்பேட்டில் நேரத்துடன் எழுதிக்கொள்ளலாம். பார்வை மங்கியவர்க்கும் முதியோர்க்கும் பராமரிப்பாளர் எழுதித் தரும்போது, அளவிட்டவுடனேயே எழுதுவது நல்லது. மாலையில் நினைவுகூர்ந்து எழுதும் நேரங்கள் எப்போதும் முழு மணிகளாகவே அமைவது இயல்பு.

அனுப்பும்போது

கோப்பின் பெயரில் நோயாளியின் பெயரும் தொடக்க, முடிவு நாள்களும் இருக்கட்டும். கடைசி பதினான்கு நாள்கள் முதல் ஒரு மாதம் வரையிலான பதிவு பெரும்பாலான ஆலோசனைகளுக்குப் போதும். ஓராண்டுப் பதிவை முழுமையாக அனுப்பினால் மருத்துவர் தேடிப் பார்க்க நேரமிராது. மருந்து மாற்றப்பட்ட நாள், காய்ச்சல் கண்ட நாள், விரதம் இருந்த நாள், கடிகாரம் திருத்தப்பட்ட நாள் ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதி இணையுங்கள். வாட்ஸ்அப் வழியாக அனுப்புமாறு மருத்துவமனை கூறினால், அவர்கள் அளித்த எண்ணுக்கே அனுப்புகிறீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள்; குடும்பக் குழுவில் தவறுதலாகப் பகிரப்பட்ட மருத்துவ அறிக்கையை, எல்லோரும் பார்ப்பதற்குள் நீக்குவது அரிது. கணினி மையத்தில் அச்சிட்டால், அங்குள்ள கணினியிலிருந்து கோப்பை அழித்துவிட்டு வாருங்கள்.

அவசர நிலையில் பதிவும் அறிக்கையும் காத்திருக்கலாம். சர்க்கரை 70-க்குக் கீழ் இருந்து, நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால், உடனே 15 கிராம் சர்க்கரையை (ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி) நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். இரத்த அழுத்தம் 180/120-க்கு மேல் இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் அவ்வாறே செய்யுங்கள். அப்போது எத்தனை மணி என்பதை மட்டும் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து மனத்தில் இருத்திக்கொள்ளட்டும். அறிகுறி தொடங்கிய நேரம் எது என்பதே மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.